பனிநிலத்துப் பூஞ்சணங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளின் பெருமையையும் சிலம்பின் சிறப்பையும் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். இவ்வாண்டு எமக்கு அளிக்கப்பெற்ற அரைமணி நேரத்துக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருளோ பூசணம்! விழாக் குழுவினரிடம் இதனைத் தெரிவித்தபோது, "நல்ல நாளும் அதுவுமாய்ப் பூசணத்தைப் பற்றியா பேசுவது?" என்று நகைத்தவர் உளர். ஆயினும் பெருந்தன்மையோடு இசைந்தனர். பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் யாம் விஞ்ஞானியல்லேம். இரவு நேரங்களில் படித்து அறிந்தவற்றை நம் மொழியில் நம்மவர்க்குச் சொல்ல வேண்டும் என்னும் ஆசை ஒன்றே எம்மிடம் உள்ள தகுதி.

முதலில் பெயரைப் பார்ப்போம். பூஞ்சை என்று பாடநூல்கள் கூறும். பூஞ்சணம், பூசணம் என்பன வீட்டு வழக்கு. நம் மலையாள அயலார் பூப்பல் என்பர். மழைக்காலத்தில் தோற்செருப்பிலும் பழைய புத்தகத்திலும் வெண்மையாகவும் பசுமையாகவும் படர்வது அது. புற்றில் முளைக்கும் காளானும் அதுவே. சித்தூர் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள்ளைச் சில நாழிகைக்குள் நுரைத்துப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் ஓரணுவுயிரும் அக்குலத்தைச் சேர்ந்ததே. கறிக்கு மணம் கூட்டத் தாய்மார்கள் தாளிப்பில் இடும் கல்பாசி இருக்கின்றதே, அது வெறும் பாசியன்று. பூஞ்சணமும் பாசியும் கூடி ஓருடலாய் வாழும் கூட்டுயிர். லைக்கன் என்பது அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர். எனவே பூஞ்சணத்தை நாம் அறியாதவர்களல்லோம். நாள்தோறும் உண்டும் துடைத்தும் வருகின்றோம்.

இவை தாவரமும் அல்ல, விலங்கும் அல்ல. பச்சையம் இல்லாமையால் தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ள மாட்டா. உடலுக்கு வெளியே செரிப்புச் சாற்றைச் சுரந்து, எதிரே கிடக்கும் பொருளைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சி வாழும். நாம் உண்டபின் செரிக்கின்றோம். அவை செரித்தபின் உண்ணுகின்றன! அச்சாற்றில் உள்ள வினைப்பொருளுக்கு நொதி என்று பெயர். இந்த நொதி என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர்ப் பணத்தைப் பற்றிப் பேசுங்கால் அது மீண்டும் வரும்.

வெப்பமும் ஈரமும் இருந்தால்தான் பூசணம் பூக்கும் என்பது நமது அனுபவம். அதனால்தானே உணவைக் குளிர்பெட்டியில் வைக்கின்றோம்! ஆனால் குளிர்பெட்டியிலேயே பல நாள் மறந்துபோன எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பார்த்தவர்க்கு, அவ்வனுபவம் முழு உண்மையன்று என்பது விளங்கும்.

மார்கழி, தை மாதங்களில் மூணாற்றுப் பக்கம் புல்நுனியில் உறைபனி படிவதையும், தேயிலைக் கொழுந்து கருகுவதையும் நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். வெப்பநிலை பூச்சியத்துக்குச் சிறிதே கீழே இறங்கியதற்கு நாளிதழ்கள் படம் வெளியிடுகின்றன. தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில், வாஸ்டாக் என்னும் நிலையத்தில், 1983 ஜூலை 21 அன்று பதிவான வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 89.2 பாகை செல்சியஸ்! ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த அக்கண்டத்தில், பனி மூடாத வெறுந்தரை நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அவ்வெறுந்தரையிலும் மழை இல்லை, மரம் இல்லை, பூக்கும் செடிகளில் இரண்டே இனம் உண்டு, அவையும் வெப்பம் சற்று மிகுந்த தீபகற்பப் பகுதியில் மட்டும். மண்ணோ உப்பு மிகுந்தது. கோடையில் கரும்பாறையின்மீது வெயில் பட்டால் தரை சூடேறும். முகில் மறைத்தால் உடனே உறையும். ஒரே நாளில் பலமுறை உறைந்து உருகும் அந்நிலத்தில் எந்த உயிர்தான் தரிக்கும்?

தரிக்காது என்றுதான் முதலில் சென்றவர்கள் எண்ணினர். 1903-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஸ்காட், மக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகளில் ஒன்றில் இறங்கி நடந்து, உயிருள்ள பொருள் ஒன்றையும் காணவில்லை என்று குறித்து வைத்தார். கண்ணுக்குத் தெரிந்த அளவில் அது உண்மையே. பின்வந்த ஆராய்ச்சியாளர் அத்தகைய மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து உணவுக்கூழ் இட்ட தட்டில் தூவி, குளிரிலேயே வைத்துக் காத்திருந்தபோது, பூஞ்சணங்கள் வளர்ந்தன. 1970-களில் இம்ரே ஃபிரீட்மன் என்னும் அறிஞர் அப்பள்ளத்தாக்குகளின் மணற்பாறையை உடைத்துப் பார்த்தார். மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே, கற்துகள்களின் இடுக்கில், கறுப்பும் வெளுப்பும் பச்சையுமாகக் கோடிட்டதுபோல் உயிர்கள் அடுக்கடுக்காய் வாழ்ந்தன. அவற்றுள் பூஞ்சணமும் இருந்தது. வெளியே தங்கினால் காற்றும் குளிரும் கொல்லும் என்று கல்லுக்குள் குடிபுகுந்த உயிர்கள் அவை. கல்லினுள் இருக்கும் தேரைக்கும் உணவு உண்டு என்று நம் முன்னோர் சொன்னது ஈங்குப் பொருந்துகின்றது.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. டாக்டர் காசிம் அவர்களின் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட இந்தியக் குழு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. அடுத்துப் பனிமேடையின்மீது அமைத்த தட்சிண கங்கோத்திரி நிலையம் சில ஆண்டுகளில் பனியில் புதைந்தது. ஷிர்மாக்கர் பாலைச்சோலை என்னும் பாறைத் தரையில் 1989 முதல் மைத்ரி நிலையம் இயங்குகின்றது. லார்ஸ்மன் குன்றுகளில் பாரதி நிலையம் 2012-இல் தோன்றியது. வடதுருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில், ஹிமாத்ரி என்னும் நிலையம் 2008-இல் திறக்கப்பெற்றது. பாலைச்சோலை என்றவுடன் பேரீச்சமரத்தை எண்ணிவிடாதீர்கள்! பனிப்பாலையின் நடுவே பாறையும் ஏரிகளும் வெளித்தெரியும் முப்பத்தைந்து சதுர கிலோமீட்டர் நிலமே அது. அம்மண்ணிலிருந்து ஈஸ்டுகளைப் பிரித்தெடுத்து வளர்த்த ஐதராபாத்து உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தார், 1989-இலேயே அதுபற்றி ஆய்வுரை வெளியிட்டனர். கோவாவில் உள்ள தேசியத் துருவ ஆராய்ச்சி மையத்தாரும் தென்துருவ, வடதுருவ மண்ணிலும் பனியிலும் வாழும் பூஞ்சணங்களைத் தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர்.

குளிரில் வாழும் பூஞ்சணங்களை ஆராய்வோர் இருவகையாகப் பிரிப்பர். பதினைந்து பாகைக்கும் கீழேயே செழித்து, இருபதுக்கு மேற்பட்டால் வளர்ச்சி நின்றுபோவன குளிர் விரும்பிகள். பூச்சியத்திலும் வளரும், ஆனால் வெப்பம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்கும் இனம் குளிர் தாங்கிகள். துருவ மண்ணில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் வகையே. வேலை நிமித்தம் எங்கோ சென்று, கிடைத்த இடத்தில் காலூன்றி, ஊருக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் முதல் வண்டியைப் பிடிக்கும் நம்மவரைப் போன்றவை அவை!

அவை எங்ஙனம் குளிரைத் தாங்குகின்றன? இதற்கு விடை நம் அடுக்களையிலேயே உண்டு. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் வாராது. வெண்ணெய்போல் உறைந்து கிடக்கும். அதே அலமாரியில் உள்ள நல்லெண்ணெய் தடையின்றி ஒழுகும். ஏன்? தேங்காயெண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை. அவற்றின் மூலக்கூறுகள் நேரான கோல்கள். கட்டி வைத்த விறகுபோல் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். ஆதலால் இருபத்துநான்கு பாகையிலேயே உறைந்துபோம். நல்லெண்ணெயில் மிகுந்திருப்பவை நிறைவுறாதவை. அவற்றின் மூலக்கூறுகளில் வளைவு உண்டு. வளைந்த விறகு நெருங்கி அடுங்குமா? அடுங்காது. அதனால் எளிதில் உறையாது. உயிரணு ஒவ்வொன்றையும் போர்த்திருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதே. அது உறைந்தால் உணவு உள்ளே செல்லாது, கழிவு வெளியே வாராது, உயிர் நின்றுவிடும். குளிர்நிலத்துப் பூஞ்சணம் தன் சவ்வில் வளைந்த கொழுப்பை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றது. குளிர் கூடக் கூட வளைவையும் கூட்டுகின்றது. லார்ஸ்மன் குன்றுகளிலிருந்து கிடைத்த தெலிபோலஸ் மைக்ரோஸ்போரஸ் என்னும் பூஞ்சணத்தில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டறிந்த லினோலெனிக் அமிலம் இவ்வகை வளைந்த கொழுப்பே. சுருங்கச் சொன்னால், தேங்காயெண்ணெய்க்காரன் குளிரில் இறப்பான், நல்லெண்ணெய்க்காரன் பிழைப்பான். கேரளத்தில் நின்று இவ்வாறு சொல்வதற்கு அயலார் எம்மைப் பொறுத்தருள்வாராக!

வேறு உபாயங்களும் உள. சர்க்கரைப் பாகு எளிதில் உறையாது என்பதை இனிப்புச் செய்வோர் அறிவர். பூஞ்சணம் ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரையையும் கிளிசரால் போன்றவற்றையும் உடலுக்குள் சேர்த்து, உள்நீர் உறையாமல் காத்துக்கொள்கின்றது. பனிக்கடியில் கோதுமைப் பயிரைத் தாக்கும் டைஃபுலா என்னும் பூஞ்சணம், பனித்துகள் பெரிதாக வளராதபடி தடுக்கும் புரதத்தையே சுரக்கின்றது. பாறைப் பூஞ்சணங்கள் பலவற்றுக்கு உடல் கரியநிறம். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருளே அவற்றுக்கும் நிறம் தருகின்றது. புறஊதாக் கதிரைத் தடுக்க அது குடையாக உதவுகின்றது. அண்டார்க்டிகப் பாறையில் கிடைத்த கிரையோமைசஸ் என்னும் கரும்பூஞ்சணத்தை 2008-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, நிலையத்தின் வெளிப்புறத்தில் ஒன்றரை ஆண்டு வைத்துப் பார்த்தனர். திரும்பி வந்தவற்றுள் ஒரு பகுதி மீண்டும் வளர்ந்தது! நிறத்தை வைத்துப் பெண் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. அதனை எண்ணியே இதனைச் சற்று அழுத்திக் கூறினோம்.

இனி, எம் தொழிலோடு தொடர்புடைய ஒரு செய்தி. தண்டவாளத்துக்கு அடியில் மரச் சிலீப்பர்கள் கிடந்த காலத்தில், அவற்றுக்கு ரயிலின் பாரத்தைக் காட்டிலும் பெரிய பகை பூஞ்சணம்தான். கிரியோசோட் என்னும் தார் எண்ணெயில் ஊறவைத்த பின்னரே மரத்தைப் பாதையில் இடுவர். இன்று கான்கிரீட் சிலீப்பர் வந்து அக்கவலையைப் போக்கிவிட்டது. மண்ணைத் தொடும் மரம் மட்கும் என்பது நம் நாட்டில் குழந்தையும் அறிந்த உண்மை. ஆனால் அண்டார்க்டிகாவில் மரம் மட்காது, குளிர் அதனை என்றும் காக்கும் என்றே பலர் நம்பியிருந்தனர்.

ராஸ் தீவில் மூன்று மரவீடுகள் உள்ளன. 1902-இல் ஸ்காட் குழுவினர் கட்டியது ஒன்று. 1908-இல் ஷாக்கிள்டன் கட்டியது ஒன்று. 1911-இல் ஸ்காட் இரண்டாம் முறை வந்து கட்டியது ஒன்று. துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் உயிர்நீத்த ஸ்காட்டும் தோழர்களும் இந்தக் கடைசி வீட்டிலிருந்து புறப்பட்டவர்களே. அவர்கள் விட்டுச்சென்ற உணவுப் பெட்டிகளும் உடைகளும் நூறாண்டுக்குப் பின்னும் அங்கே இருந்தன. அவ்வீடுகளை ஆராய்ந்த மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து ராபர்ட் பிளாஞ்செட்டும் அவர்தம் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட செய்தி எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த பலகைகள் மென்மட்கல் என்னும் வகையில் அரிக்கப்பட்டிருந்தன. அரித்தவை கடோஃபோரா என்னும் இனத்தைச் சேர்ந்த பூஞ்சணங்கள். அவை ஐரோப்பாவிலிருந்து மரத்தோடு வந்தவை அல்ல, அம்மண்ணிலேயே நெடுங்காலமாக வாழ்ந்தவை என்பது அவர்கள் கொள்கை. மரமே இல்லாத நாட்டில் மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு என்ன வேலை? பாசி, பெங்குவின் பறவையின் இறகு, எச்சம் என்று கிடைத்ததைத் தின்று வாழ்ந்தவற்றின் முன்னால் திடீரென ஒருநாள் விருந்து வைத்தாற்போல் மரவீடு வந்து நின்றது. கோடையில் சில வாரங்களே வேலை செய்யும் அப்பூஞ்சணங்கள் நூறு கோடைகளில் அதனை அரித்துள்ளன. நியூசிலாந்தைச் சேர்ந்த பாதுகாப்பு அறக்கட்டளையினர் பெருமுயற்சியோடு அவ்வீடுகளைச் செப்பனிட்டுள்ளனர்.

குளிர்ப் பூஞ்சணத்தால் விளையும் கேடு மரவீட்டோடு நிற்பதில்லை. துருவ மண்ணில் மிகுதியாகக் காணப்படும் சூடோஜிம்னோவாஸ்கஸ் என்னும் இனத்தின் உறவு ஒன்று, குளிர்ந்த குகைகளில் வாழ்வது. 2006-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில், உறங்கும் வௌவால்களின் மூக்கில் வெண்பூசணமாக அது முதன்முதல் காணப்பட்டது. குளிர்காலம் முழுதும் உடற்சூட்டைத் தணித்து உறங்கும் வௌவால்களே அதற்கு இரை. அதன்பின் பல லட்சக்கணக்கில் அவை மடிந்தன. ஐரோப்பாவில் அது பழைய குடி. அங்குள்ள வௌவால்கள் அதனோடு பழகிவிட்டன. அமெரிக்காவுக்கு அதனைக் கொண்டு சென்றவர் யார்? மனிதரின் காலணியோ கயிறோ கருவியோ என்றே ஐயுறுகின்றனர்.

வடதுருவத்தின் நிலைமை வேறு. அங்குக் குறுஞ்செடிகள் உண்டு. அவற்றின் வேரோடு பிணைந்து உணவு ஊட்டும் பூஞ்சணங்களும் உண்டு. அங்கே நிலத்தடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் மண்ணில், மட்காத தாவரப் பொருளாகச் சேர்ந்துள்ள கரி சுமார் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கோடி டன். நம் காற்று மண்டலத்தில் உள்ள கரியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! பூமி சூடேறி அம்மண் உருகினால், பூஞ்சணமும் பாக்டீரியாவும் அதனைத் தின்னத் தொடங்கும். தின்றது கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் மேலே எழும். எழுந்தது பூமியை மேலும் சூடாக்கும். பருவமழை பொய்த்ததென்று ஆழியாற்று நீருக்காக இரு மாநிலமும் கணக்குப் பார்க்கும் இவ்வெல்லையில் இருந்துகொண்டு, அது யாருக்கோ நேரும் துன்பம் என்று யாம் இருந்துவிட மாட்டேம்.

நொதியை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? வறள் பள்ளத்தாக்கில் வாண்டா என்றோர் ஏரி உண்டு. மேலே மூன்று நான்கு மீட்டர் பனிக்கட்டி. அடியில் உள்ள உப்புநீரோ கதிரவன் வெப்பத்தைத் தேக்கி இருபத்தைந்து பாகையில் வெதுவெதுப்பாக இருக்கும் விந்தை ஏரி! அதன் வண்டலிலிருந்து ஜப்பானிய அறிஞர்கள் எடுத்த ஓர் ஈஸ்டுக்கு 1969-இல் பெயர் சூட்டப்பெற்றது. கேண்டிடா அண்டார்க்டிகா என்று அது புகழ்பெற்றது; இன்று மோசியோமைசஸ் அண்டார்க்டிகஸ் என்று பெயர் மாறியுள்ளது. அது சுரக்கும், கொழுப்பை உடைக்கும் நொதி ஒன்று உலகெங்கும் ஆலைகளில் பயன்படுகின்றது. மருந்து, நறுமணப் பொருள், எண்ணெயிலிருந்து எரிபொருள் எனப் பலவற்றை ஆக்க உதவுகின்றது. பொதுவாகக் குளிர்நிலத்து நொதிகள் குளிர்ந்த நீரிலேயே வேலை செய்யும், சூடேற்றினால் கெடும். இதுவோ சூட்டையும் தாங்குகின்றது. ஆலைக்காரர்க்கு இதனினும் வேண்டுவது யாது?

இதில் ஒரு நீதிக் கேள்வி எழுகின்றது. அந்த ஏரி யாருடையது? ஏழு நாடுகள் அண்டார்க்டிகாவைப் பங்கு கோருகின்றன. பன்னிரண்டு நாடுகள் 1959 டிசம்பர் 1 அன்று கையொப்பமிட்டு 1961-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அக்கோரிக்கைகளை அப்படியே உறைய வைத்துவிட்டது. ஆராய்ச்சி முடிவுகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் அது கூறுகின்றது. இந்தியா 1983-இல் அதில் சேர்ந்தது. ஆனால் அம்மண்ணில் கிடைத்த ஓர் உயிரிலிருந்து ஒரு நிறுவனம் பொருளீட்டினால், அதில் பிறர்க்குப் பங்கு உண்டா என்பதற்கு உடன்படிக்கையில் தெளிவான விடை இல்லை. உறுப்பு நாடுகள் பல கூட்டங்களில் பேசியும் முடிவு எட்டவில்லை. பொது நிலத்தில் விளைந்ததை முதலில் பறித்தவனுக்கே முழு உரிமை என்பது எமக்கு ஒப்பவில்லை. ஆய்வுக்குச் செலவிட்டவன் ஊதியம் பெறட்டும். ஒரு பங்கேனும் அந்நிலத்தைக் காப்பதற்கும் ஏழை நாட்டு மாணவர் அங்குச் சென்று ஆராய்வதற்கும் செல்ல வேண்டும் என்பது எம் கருத்து. மாறுபடுவோர் எழுந்து சொன்னால் மகிழ்வோம்.

கோபாலபுரத்து மக்களாகிய நமக்கு எல்லை என்பது புதிதன்று. வணிகவரிச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றதை, 2017-இல் சரக்கு சேவை வரி வரும்வரை நாள்தோறும் கண்டோம். அண்டார்க்டிகாவில் நாட்டெல்லைச் சாவடி இல்லை. அங்கே சோதிக்கப்படுவது காலணியின் அடிப்பாகம்! 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான சுற்றுச்சூழல் ஒப்பந்தம், தூய்மையாக்காத வெளிமண் அங்கு வருவதை இயன்ற அளவு தவிர்க்க வேண்டும் என்கிறது. ஒரு சிட்டிகை மண்ணில் எத்தனை அயற் பூஞ்சணம் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டார்? நாய்கள்கூட 1994-இல் அக்கண்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டன. நம் நாடாளுமன்றம் 2022-இல் இயற்றிய இந்திய அண்டார்க்டிகச் சட்டமும் வெளிமண்ணைக் கொண்டுசெல்வதைத் தடுக்கின்றது.

உடன்படிக்கை நாடுகளின் நாற்பத்தாறாம் கூட்டம் 2024 மே 20 முதல் 30 வரை நம் மாநிலத்துக் கொச்சியிலேயே நடந்தது. அதன் பெருங்கவலைகளுள் ஒன்று சுற்றுலா. ஒரு பருவத்தில் அங்குச் செல்லும் பயணிகள் ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டனர். அவர்களை நெறிப்படுத்தும் விதிகளை வகுக்கும் வேலையைக் கொச்சிக் கூட்டம் தொடங்கிவைத்தது. கப்பலிலிருந்து இறங்குவோர் காலணியைத் தேய்த்துக் கழுவி, மருந்துநீரில் தோய்த்து, சட்டைப்பையில் ஒட்டிய விதையையும் அகற்றிய பின்னரே கரையில் கால் வைக்க வேண்டும். கரையிறங்கும் ஒவ்வொருவர்க்கும் இரண்டு காலணி என்று வைத்து, எம் தொழிற்புத்தியால் யாம் பெருக்கிப் பார்த்தோம். அந்தத் தொகையைத் தூரிகையோடு நின்று தேய்க்கும் கப்பற் பணியாளரை நினைத்து எமக்கு இரக்கமே உண்டாயிற்று.

அரைமணி கடந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகின்றார்.